விடைபெறும்போது அன்று, விளையும்போதே பாராட்டுவோம்

தமிழ் இலக்கண நூல்களுள் நன்னூலுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. எழுத்தையும் சொல்லையும் கூறப் புகுமுன், ஆசிரியர் யார், மாணாக்கர் யார், பாடம் சொல்லும் முறை யாது என்பவற்றைப் பாயிரத்திலேயே வகுத்துரைத்த பின்னர்தான் பவணந்தி முனிவர் இலக்கணத்துள் நுழைகின்றார். நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை காட்டிய அவர், ஆசிரியராகத் தகாதார்க்கும் நான்கு உவமைகளைத் தந்துள்ளார். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை.

இவற்றுள் பருத்திக் குண்டிகை என்பது வாய் குறுகிய குடம். அதனுள் பஞ்சைச் சிறிது சிறிதாகத் திணிக்கவேண்டும். வேண்டும்போது சிறிது சிறிதாகப் பிடுங்கி எடுக்கவேண்டும். ஆசிரியர்க்குக் கூறப்பட்ட இவ்வுவமை மாணாக்கர்க்கும் பொருந்துமாறு நாம் செய்துவிட்டோம் என்றே தோன்றுகிறது. தொடக்கப் பள்ளிகளில் அறிவியல் பாடம் நெடுங்காலமாக நடந்து வந்த முறையை எண்ணிப் பாருங்கள். வினா விடைகளைத் திணித்தோம். தேர்வு நாளன்று பிடுங்கினோம். பின்னர் அது வெறுங்குடம் ஆயிற்று.

இம்முறையை உடைத்தெறிந்து, குழந்தையின் கையில் பொருளைக் கொடுத்து, அதன் வாயிலிருந்து வினாவை வரவழைக்கும் இளம் ஆசிரியர்கள் இன்றும் நம்மிடையே தோன்றிக்கொண்டுதான் இருக்கின்றனர். அவர்களை நாம் அடையாளம் காண்கின்றோமா, காலத்தே பாராட்டுகின்றோமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

கொடிக்கம்பத்து நிழல்

சில ஆண்டுகளுக்கு முன், சிதம்பரத்தை அடுத்த கடலோரச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். அது ஆகஸ்டு மாதம் இருபதாம் நாளை ஒட்டிய ஒரு நண்பகல். குழந்தைகள் வெயிலில் கொடிக்கம்பத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தனர். காலை முதல் அரை மணிக்கு ஒருமுறை, கம்பத்தின் நிழல் எங்கு முடிகிறதோ அங்கே ஒரு செங்கற்சில்லை அவர்கள் வைத்து வந்திருந்தனர். பன்னிரண்டு மணி கடந்து பத்து நிமிடம் ஆனதும் நிழல் காணாமற் போயிற்று. ஒரு சிறுவன், "நிழல் எங்கே போயிற்று?" என்று கேட்டான். ஒரு சிறுமி தன் கால்களைக் குனிந்து பார்த்து, "என் காலுக்குக் கீழே போய்விட்டது" என்றாள்.

ஆசிரியை இடைமறித்து விளக்கம் ஏதும் கூறவில்லை. "நாளைக்கும் இதே நேரத்தில் வந்து பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். பணியில் சேர்ந்து இரண்டாண்டுகளே நிறைந்தவர் அவர்.

"இதனை மேலலுவலர் எவரேனும் பார்த்திருக்கின்றனரா அம்மா?" என்று வினவினேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்கள் பார்த்தீர்களே ஐயா, அது போதும்" என்றார். அது போதாது என்பதைப் பின்னாளில் உணர்ந்தேன். இரண்டாண்டு கழித்து வேறோர் இடத்தில் அவரைக் காண நேர்ந்தபோது நிழலைப் பற்றிக் கேட்டேன். "பதிவேடுகளை எழுதி முடிக்கவே பொழுது சரியாக இருக்கிறது ஐயா. பாடநூலில் உள்ளதை முடித்தால் போதும் என்று விட்டுவிட்டேன்" என்றார். அவர் குரலில் வருத்தங்கூட இல்லை. அதுவே என்னை மிகவும் வருத்தியது. அவரைத் தடுத்தவர் எவரும் இலர். கவனித்தவரும் எவரும் இலர். ஒரு விளக்கு காற்றால் அணையவில்லை. எண்ணெய் இன்றி அணைந்தது.

பெயரில்லாப் பதவி

நம் மாநிலத்தில் ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை கற்பிப்போர் இடைநிலை ஆசிரியர் எனப்படுவர். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூகவியல் அனைத்தும் அவர் ஒருவரே கற்பிக்கவேண்டும். ஆதலின் தொடக்கப் பள்ளியில் 'அறிவியல் ஆசிரியர்' என்றொரு பதவியே இல்லை. மேனிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர்க்கு ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. மாணவர் பெறும் மதிப்பெண்ணால் அவர்க்குப் புகழும் உண்டு. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு நீர் ஆவியாவதை ஈரத்துணி கொண்டு காட்டியவர்க்கு இவ்விரண்டும் இல்லை. பதவிக்குப் பெயர் இல்லாதபோது பாராட்டுக்கு எங்கே இடம்?

அரசு எதுவும் செய்யவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. 2022இல் தொடங்கப்பெற்ற 'எண்ணும் எழுத்தும்' திட்டம் மொழியையும் கணக்கையும் முதன்மையாகக் கொண்டது. அதே ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பெற்ற 'வானவில் மன்றம்', அறிவியல் கருவிகளைப் பள்ளிக்கே கொண்டு சென்றது. ஆயின் அது 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கானது. மொழிக்கும் கணக்கும் ஒரு திட்டம், நடுநிலை வகுப்பின் அறிவியலுக்கு ஒரு திட்டம். இவ்விரண்டுக்கும் இடையே, எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்கும் ஏழு வயதுக் குழந்தையின் அறிவியல், ஆசிரியரின் தனி ஆர்வத்தை மட்டுமே நம்பி நிற்கிறது.

இப்போது இதனைப் பேசுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. நீண்ட இடைவெளிக்குப் பின், 2024 சூலையில் இடைநிலை ஆசிரியர்க்கான போட்டித் தேர்வு நடைபெற்று, 2025இல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் பணி ஆணை பெற்றனர். ஆசிரியர் தகுதித் தேர்வில் வென்று பல்லாண்டு காத்திருந்து வந்தவர்கள் பலர். அவர்தம் முதல் சில ஆண்டுகளே அவர்கள் எத்தகைய ஆசிரியராக விளங்குவர் என்பதை முடிவு செய்யும்.

இராமேசுவரத்துப் பறவைப் பாடம்

தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் என்ன செய்ய இயலும் என்பதற்கு நம் நாட்டிலேயே புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1931இல் இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவ்வூர்ப் பஞ்சாயத்துத் தொடக்கப் பள்ளியில் பயின்றார். அங்கு அறிவியல் கற்பித்தவர் சிவசுப்பிரமணிய ஐயர். பறவை எவ்வாறு பறக்கிறது என்பதை அவர் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். புரியவில்லை என்று மாணவர் கூறியபோது சினங்கொள்ளவில்லை. கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறக்கும் பறவைகளையே காட்டி, சிறகும் வாலும் செய்யும் தொழிலை உணர்த்தினார். பறத்தலே தம் வாழ்வின் திசையாக அமைந்தது அந்நாளில்தான் எனக் கலாம் பிற்காலத்தில் மேடைதோறும் நினைவு கூர்ந்தார்.

இதனினும் நெஞ்சை நெகிழ்விக்கும் செய்தி மற்றொன்று. அவ்வாசிரியர் இஸ்லாமியச் சிறுவனான கலாமைத் தம் இல்லத்திற்கு உணவுண்ண அழைத்தார். ஆசாரம் மிக்க அவர் மனைவி பரிமாற மறுக்கவே, தாமே பரிமாறி, அருகில் அமர்ந்து உண்டார். வகுப்பறையில் கண்ணால் காணாததை ஏற்காதே என்று கற்பித்தவர், வீட்டில் பழைய வழக்கத்தையும் அவ்வாறே சோதித்துப் பார்த்தார் எனலாம். அறிவியல் மனப்பான்மை என்பது இதுதான்.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அப்பாடம் நடந்தது ஏறத்தாழ 1941இல். கலாமின் தன்வரலாறு வெளிவந்து அவ்வாசிரியர் பெயரை உலகறியச் செய்தது 1999இல். இடையில் ஓடியவை ஐம்பத்தெட்டு ஆண்டுகள். மாணவர் புகழின் உச்சியை அடைந்ததனால் ஆசிரியர் பெயர் வெளிப்பட்டது. அத்தகைய மாணவர் வாய்க்காத ஆசிரியர் பெயர்களை யார் சொல்வார்?

நம் மண்ணே ஆய்வுக்கூடம்

கடலூர் மாவட்டத்து ஆசிரியர்க்கு விலைகொடுத்து வாங்கும் கருவிகள் மிகுதியாகத் தேவையில்லை. சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. அப்பெயர் தந்த தில்லை மரம் பிச்சாவரத்து உப்பங்கழியில் இன்றும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும். அக்காட்டிலேயே வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல்கள்போல் மேல்நோக்கி எழுந்து நிற்கின்றன. சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, பின்னர் நீரில் வீழ்கிறது. வேர் நிலத்துக்குள் செல்லும், விதை மண்ணில் முளைக்கும் என்று பாடநூலில் படித்த குழந்தை இவற்றைக் கண்டால் கேட்கும் வினாக்களுக்கு எல்லையுண்டோ?

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இயங்கி வருகிறது. உலக அறிஞர் வந்து ஆராய்ந்த அவ்வாற்றுமுகத்தின் கரையிலுள்ள குழந்தை, ஏற்றத்தையும் வற்றத்தையும் நாள்தோறும் பார்த்து வளர்கிறது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுக்குப் பெயர்கள் அதற்குத் தெரியும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையையும், 2011 டிசம்பர் 30இல் தானே புயலையும், 2015இல் பெருவெள்ளத்தையும் கண்ட மாவட்டம் இது. காற்றையும் கடலையும் அறிவது இங்கே தேர்வுக்கான பாடம் அன்று. உயிர் காக்கும் பாடம்.

நிழலைப் பற்றி முன்னர்க் கூறினேன். கடலூரும் சிதம்பரமும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினொரு பாகைக்கும் பன்னிரண்டு பாகைக்கும் இடையே அமைந்தவை. ஆதலின் ஏப்ரல் 20ஐ ஒட்டியும், ஆகஸ்டு 22ஐ ஒட்டியும், ஆண்டுக்கு இருமுறை, நண்பகலில் ஞாயிறு நேர் உச்சியில் நிற்க, நட்டுவைத்த கோலுக்கு நிழல் இராது. நம் சமுதாயத்துக் குழந்தைக்கு நிழலளவு புதிதன்று. நண்பகல் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர் தொழுகையின் நேரம் தொடங்குகிறது என்பது ஷாஃபியீ மத்ஹபின் கணக்கு. ஹனஃபீ மத்ஹபில் இருமடங்கு. கடிகாரம் வருமுன் பள்ளிவாசல் முற்றத்தில் கோல் நட்டு நேரம் அறிந்த மரபினர் நாம். அந்தக் கோலையே வகுப்பறை முற்றத்துக்குக் கொண்டுவந்தால் கணக்கும் வானியலும் மார்க்கமும் ஓரிடத்தில் சந்திக்கும்.

பஸராவில் கி.பி. 965ஐ ஒட்டிப் பிறந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து ஒளி புறப்படுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி உண்டாகிறது என நிறுவினார். இருட்டறையின் சிறு துளை வழியே ஒளி புகுவதைக் கொண்டு அவர் செய்த சோதனையை, ஒரு காலணி அட்டைப்பெட்டியும் ஓர் ஊசியும் எண்ணெய் தடவிய தாளும் கொண்டு நான்காம் வகுப்புக் குழந்தை செய்து பார்க்கலாம். அவர் பெயரை மேடையில் கூறிப் பெருமைப்படுகின்றோம். அவர் சோதனையை எத்தனை பள்ளிகளில் செய்து காட்டினோம்?

விருதுகள் வரும் காலம்

ஆசிரியரைப் போற்றும் வழக்கம் நம் நாட்டில் இல்லாமலில்லை. தேசிய நல்லாசிரியர் விருது 1958 முதல் வழங்கப்பெறுகிறது. டாக்டர் இராதாகிருஷ்ணன் பிறந்த செப்டம்பர் 5ஆம் நாள் 1962 முதல் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவர் பெயரால் தமிழக அரசும் விருது வழங்கி வருகிறது. எனினும் தேசிய விருதுக்கு நெடுங்காலம் பதினைந்து ஆண்டுப் பணி வேண்டும் என்ற விதி இருந்தது. 2018இல் விதிகள் திருத்தப்பெற்று, ஆசிரியர் தாமே விண்ணப்பிக்கும் வழி பிறந்தது. 'கனவு ஆசிரியர்' என்ற பெயராலும் பள்ளிக் கல்வித் துறை திறமுடையாரைத் தேர்ந்து பாராட்டியுள்ளது. இவை வரவேற்கத்தக்கன.

ஆயினும் பொதுவழக்கில் விருது என்பது பணி நிறைவை நெருங்குவோர்க்குச் சூட்டும் விடைபெறும் மாலையாகவே இருந்து வருகிறது. மூத்தோரைப் போற்றுதல் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் மூப்புக்குத் தரும் மரியாதை வேறு. முயற்சிக்குத் தரும் ஊக்கம் வேறு. முன்னது நன்றி, பின்னது முதலீடு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றையும் செய்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கின்றோம்.

பிற நாடுகள் இதனை உணர்ந்துள்ளன. அமெரிக்காவில் கணக்கு, அறிவியல் ஆசிரியர்க்கு 1983 முதல் குடியரசுத் தலைவர் விருது உண்டு. தொடக்க வகுப்பு ஆசிரியர்க்கும் உயர் வகுப்பு ஆசிரியர்க்கும் அது மாறிமாறி வழங்கப்பெற்று வந்துள்ளது. இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளி அறிவியல் ஆசிரியர்க்கென்றே ஓர் அறக்கட்டளை விருது வழங்குகிறது. விருது பெற்றோர் ஒரு குழுவில் உறுப்பினராகித் தம் முறைகளைப் பிறர்க்குக் கற்பிக்கின்றனர். நம் நாட்டில் மராட்டிய மாநிலச் சோலாப்பூர் மாவட்டத்துப் பரித்தேவாடிச் சிற்றூரின் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே 2020இல் பத்து இலட்சம் டாலர் மதிப்புள்ள உலக ஆசிரியர் பரிசை வென்றார். பணியில் சேர்ந்து ஏறத்தாழப் பத்தாண்டே ஆன அவர், பரிசின் பாதியை இறுதிச் சுற்றில் தம்முடன் போட்டியிட்ட ஒன்பதின்மர்க்குப் பகிர்ந்தளித்தார். இளையோர்க்குப் பரிசளித்தால் செருக்கு வரும் என்பார்க்கு இதனினும் சிறந்த விடை வேறில்லை.

எழக்கூடிய ஐயங்கள்

'பொன்னாடை வயிற்றை நிரப்புமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2009 சூன் 1ஆம் நாளுக்குப் பின் அமர்த்தப்பெற்ற இடைநிலை ஆசிரியர்கள், அதற்கு முந்தைய நாள் வரை சேர்ந்தவரினும் குறைந்த அடிப்படை ஊதியம் பெற்றமையால், சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டிப் பல ஆண்டுகள் போராடியுள்ளனர். பாராட்டு ஊதியத்துக்கு ஈடாகாது. ஈடெனக் கூறுதல் ஏமாற்று. உரிமையைக் கேட்பவர்க்கு மாலையைக் காட்டக் கூடாது. ஆனால் ஊதியம் தருவது அரசின் கடன் என்பதனால், மதிப்பைத் தரும் நம் கடன் நீங்கிவிடாது.

'விருது விளம்பரத்தை வளர்க்கும்' என்பதும் உண்மையே. விண்ணப்பத்தோடு படத்தொகுப்பும் சான்றிதழ்க் கட்டும் கேட்டால், ஆசிரியர் குழந்தையைப் பாராமல் படக்கருவியைப் பார்ப்பார். ஆதலின் விண்ணப்பமே வேண்டாம் என்பேன். நேரில் சென்று பார்க்கவேண்டும். வகுப்பில் ஆசிரியர் பேசியதைக் குறிக்க வேண்டா. குழந்தைகள் கேட்ட வினாக்களை எழுதிவரவேண்டும். அவ்வினாக்களே சான்றிதழ்.

'ஈராசிரியர் பள்ளியில் ஒருவர்க்கு விருது தந்தால் மற்றவர் மனம் புண்படாதா?' என்பது மூன்றாம் ஐயம். புண்படும். ஒருவர் கொடிக்கம்பத்தடியில் நிழலளக்கும்போது, மீதி மூன்று வகுப்புகளைக் கட்டிக்காப்பவர் அந்த மற்றவர்தான். எனவே விருது பள்ளியின் பெயரால் அமையட்டும். இருவரும் மேடை ஏறட்டும்.

நாம் செய்யத்தக்கன

நம் சமுதாயப் பெரியோர்களுக்குப் பணிவுடன் ஒன்று கூற விரும்புகின்றேன். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, கடலூர் முதுநகர் போன்ற ஊர்களில் கல்விக்காக வாரி வழங்கிய கைகள் பல. ஓதுதலைக் குறித்த சொல்லோடு இறைச்செய்தி இறங்கத் தொடங்கிய மார்க்கத்தைச் சார்ந்தோர்க்கு அது இயல்பே. எனினும் நம் கொடை பெரும்பாலும் கட்டடமாகவே உருக்கொள்கிறது. கட்டடத்தில் கொடையாளர் பெயர் கல்வெட்டாக நிற்கிறது. அதனுள் கற்பிக்கும் இளம்பெண்ணின் பெயர் ஊரில் எவர்க்கும் தெரிவதில்லை. கல்லூரிக்குக் கொடுப்பதில் நூற்றில் ஒரு பங்கைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கு ஒதுக்கினால், கல்லூரிக்கு வரும் மாணவரே வேறு தரத்தினராய் இருப்பர்.

செய்யத்தக்கவை எளியனவே. பணியில் சேர்ந்து ஐந்தாண்டு நிறையாத தொடக்கப் பள்ளி ஆசிரியர் சிலரை ஆண்டுதோறும் நம் கல்லூரி தேர்ந்தெடுக்கட்டும். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடோ சமய வேறுபாடோ வேண்டா. கேடயத்துக்குப் பதில் ஓர் உருப்பெருக்காடி, வெப்பமானி, நிறைகோல், சில நல்ல நூல்கள் அடங்கிய பெட்டியைத் தருவோம். அது கண்ணாடி அலமாரியில் உறங்காது. அவர்தம் மாணவரைப் பிச்சாவரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் அழைத்துச் செல்ல ஊர்திச் செலவை ஜமாஅத்துகள் ஏற்கட்டும். விருது பெற்றோர் ஆண்டுக்கு இருமுறை இக்கல்லூரியில் கூடித் தம் முறைகளைப் பகிர்ந்துகொள்ளட்டும். தனிமையே இளம் ஆசிரியரின் பெரும்பகை.

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். தொடக்கப் பள்ளி அறிவியலின் பாதி மொழிதான். 'ஆவியாதல்' என்ற சொல்லை அறியாத குழந்தை 'காய்தல்' என்பதை அறியும். மீனுக்கும் காற்றுக்கும் மண்ணுக்கும் நம் வட்டாரத்தில் வழங்கும் பெயர்களைத் தொகுத்து, பாடநூற் சொற்களுக்கு எதிரே எழுதிச் சிறு கையேடாக அச்சிட்டு அவ்வாசிரியர்க்கு வழங்கினால், அதனினும் சிறந்த தமிழ்த்தொண்டு யாது? தேர்வுக்கென எழுதி மறக்கும் ஒப்படைவுகளுக்கு மாற்றாக இதனை மேற்கொள்ளலாமே.

இன்னும் எளிய செயல் ஒன்றுண்டு. அதற்குப் பணமும் குழுவும் வேண்டா. உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் வாயிலைக் கடக்கும்போது ஒருநாள் உள்ளே சென்று, "இன்று குழந்தைகள் என்ன கேட்டனர்?" என்று ஆசிரியரை வினவுங்கள். அந்தச் சிற்றூர் ஆசிரியையிடம் அன்று நான் ஒருமுறை கேட்டேன். மறுமுறை சென்று கேட்டிருக்கவேண்டும். "நாளைக்கும் வந்து பார்ப்போம்" என்று தம் மாணவரிடம் அவர் கூறியதை எனக்கும் கூறியதாகக் கொண்டிருக்கவேண்டும். அத்தவற்றை உணர்ந்தே இதனை எழுதினேன்.

ஆகஸ்டு 22 ஆண்டுதோறும் வரும். நிழல் காலடியில் ஒடுங்கும் அந்நண்பகலில், ஏதேனும் ஒரு பள்ளி முற்றத்தில் ஓர் இளம் ஆசிரியரும் சில குழந்தைகளும் நின்றுகொண்டிருப்பர். அவர்களோடு நாமும் நிற்போமாக. அதற்கான மனத்தையும் முயற்சியையும் எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.